உத்தியோக வேசம்

இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி மெயில் வந்தபோது மந்திரமூர்த்தி உடன்குடி பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தான்.

பதற வேண்டாம், நிஜப் பிச்சை இல்லை. வேசம். குலசை தசராவுக்குக் கொடியேறி அன்றைக்கு ஐந்தாம் நாள். அந்தப் பத்து நாளும் எங்கள் பக்கத்துச் சனத்தில் பாதிப்பேர் சொந்த முகத்தோடு இருக்கமாட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் காளியாகி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். கணக்கு வாத்தியாருக்கு வால் முளைத்துவிடும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, கோயிலில் கையில் காப்புக் கட்டிக்கொண்ட பிறகு வேசம் போட்டு ஊர் ஊராகத் தர்மம் எடுக்கவேண்டும். எடுத்ததைக் கொண்டுபோய் அப்படியே அவள் உண்டியலில் போட்டுவிட வேண்டும். வேசம் கட்டி வருகிறவனை இன்னார் மகன் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆத்தாளே வந்து வாசலில் நிற்பதாகத்தான் நினைப்பு. கும்பிட்டுப் போடுவார்கள், கூடவே தங்கள் குறையையும் சொல்லுவார்கள். கை நீட்டி வாங்கியவன் அந்தக் குறையைக் கொண்டுபோய் அவளிடம் சேர்க்க வேண்டும். வாங்கிவிட்டுச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மந்திரமூர்த்திக்கு இது மூன்றாம் வருசம். முதல் வருசம் குரங்கு, போன வருசம் கரடி, இந்த வருசம் பிச்சைக்காரன். மூன்று வருசமும் ஒரே வேண்டுதல்தான், ஹார்பரில் ஒரு வேலை. பிச்சைக்காரன் வேசம்தான் ஆத்தாளுக்குச் சீக்கிரம் கேட்கும் என்று யாரோ சொல்லப்போய் அவன் அம்மா சண்முகத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

கிழிந்த சாக்குக்குள் போன் துடித்தது. கழிப்பறைச் சுவரோரம் ஒதுங்கி நின்று படித்தான். தூத்துக்குடியில் ஒரு தனியார் கண்டெய்னர் டெர்மினல். யார்டு கிரேன் ஆபரேட்டர் டிரெயினி, நாலு இடம். எட்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு நேரில் வரவேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட். முகம் மழித்திருக்க வேண்டும். சேஃப்டி ஷூ, ஹெல்மெட் அவரவரே கொண்டு வரவேண்டும், இல்லாதவர்களுக்குக் கேட்டுக்குள் அனுமதி இல்லை.

அவனுக்கு அங்கேயே ஆட வேண்டும்போல் இருந்தது. அப்புறம் தன் வெறுங்காலைப் பார்த்தான். கை தானாகத் தாடிக்குப் போயிற்று. நாற்பது நாள் தாடி. காப்புக் கட்டினவன் சவரம் பண்ணக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. இது குலசைப் பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஏன் இந்த ஒரு வேலைக்கு உயிரை விடுகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஆறு வருசம். இந்த ஆறு வருசத்தில் அவன் பார்க்காத வேலை இல்லை, நிலைத்த வேலையும் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் எட்டு மாசம், மில்லை மூடிவிட்டார்கள். அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் ஒரு வருசம், ஒப்பந்தம் கைமாறியது. தூத்துக்குடித் தெருக்களில் பரோட்டாப் பொட்டலம் சுமந்தான், பைக் சங்கு ஊதிவிட்டது. நடுநடுவே கவர்மென்ட் பரீட்சை. மூன்றில் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் போயிற்று. டிப்ளமோ படிக்கையில் ஒருநாள் ஹார்பருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நாலு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆள் ஒற்றைக் கையால் இருபது டன் பெட்டியைத் தீப்பெட்டி மாதிரி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தெட்டு. அவனுக்கு அடுத்த மாசம் இருபத்தொன்பது பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தாய்மாமன் மகாராஜாவுக்குச் சென்னை குரோம்பேட்டையில் பலசரக்குக் கடை. பெயருக்கேற்ற மனுசன். "தசரா முடிஞ்ச மறுநாளு பொறப்பட்டு வந்துரணும், தீவாளி யாவாரத்துக்கு ஆளு இல்ல. வேல தேடுதேன் வேல தேடுதேன்னு இன்னும் எத்தன வருசம்ல ஊரச் சுத்துவ?" என்று பஸ் டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டார். கடை வேலை கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி வீடு கடையில்தான் நிமிர்ந்தது. ஆனால் அது மாமாவின் கடை. மாமாவுக்கு இரண்டு மகன்கள். பன்னிரண்டு முடித்த கையோடு மந்திரமூர்த்தி எட்டு மாசம் அங்கே இருந்து பார்த்தவன். விடிகாலை பால் பாக்கெட்டில் ஆரம்பித்து, ராத்திரி அரிசி மூட்டைமேல் படுக்கிற வரைக்கும் அவன் பெயர் "ஏய்". தன்னைவிட ஆறு வயது சின்னவன் கல்லாவில் இருந்துகொண்டு "ஏய், துவரம்பருப்பு ரெண்டு கிலோ" என்று இனிமேல் சொல்லுவான். செத்தாலும் சரி, அங்கே போகக்கூடாது என்று இருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சண்முகத்தாய் முதலில் சாமி படத்தைக் கும்பிட்டாள். "பாத்தியா, நான் சொல்லல? ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்றாள். அடுத்தது சவரமும் ஷூவும் என்று அவன் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது.

"காப்ப வச்சிக்கிட்டாடே?"

"பின்ன என்னம்மா செய்ய? ஷூ இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டான்."

"அப்பம் போவாண்டாம்."

"எம்மா!"

"போவாண்டாம்னு சொல்லுதேன். ஒங்கப்பா என்ன ஆனாருன்னு தெரியும்லா? ஏழாம் நாளு காப்பக் கழட்டி வச்சிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கறிச்சோறு திங்கப் போனாரு. மாசம் முடியல. லோடு ஆட்டோவோட ரோட்டுல கெடந்தாரு. அந்த மனுசனத் துணிய வச்சிக் கட்டித்தாம்டே எங்கிட்டக் குடுத்தாங்க. ஒன்னயும் அப்படி வாங்கணுமா நான்?"

லாரி டிரைவர் தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதிய காகிதம் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அவளுக்கு அது வெறும் காகிதம். மந்திரமூர்த்தி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேசத்துக் கிழிசலை முகத்தில் போட்டுக்கொண்டு, இருபத்தெட்டு வயது ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதான். மூன்று வருசமாக எந்த வேலைக்காகக் காப்புக் கட்டினானோ அந்த வேலை வாசலில் வந்து நிற்கிறது, கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே காப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்லுவான்?

தங்கச்சி முத்துச்செல்விதான் வழி கண்டுபிடித்தாள். ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம்மா, போன வருசம் நம்ம தசரா செட்டுல சுடலைச்செல்வி வீட்டுக்காரரு போலீஸ் வேசம்தான கட்டுனாரு?"

"ஆமா, அதுக்கு என்ன இப்பம்?"

"பூட்ஸ் போட்டிருந்தாரா இல்லையா? மொகத்த மழுமழுன்னு செரச்சிருந்தாரா இல்லையா? தாடி வச்ச போலீச எங்கயாவது பாத்திருக்கியா நீ?"

"ஏளா, அது வேசம்."

"இதுவும் வேசம்தான். பேன்ட்டு, சட்டை, ஷூ, ஹெல்மெட்டு. இவன் வேலைக்குப் போறவன் மாதிரி வேசம் கட்டிட்டுப் போட்டும். இவன் மூஞ்சிக்கு அத விடப் பெரிய வேசம் வேற என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மந்திரமூர்த்திக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. சண்முகத்தாய் சிரிக்கவில்லை. ஒருநாள் பூராவும் யோசித்தாள். சூடத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு படத்தோடு தனியாகப் பேசினாள். கடைசியில் சரி என்றாள், மூன்று நிபந்தனையோடு. காப்பு கையை விட்டு இறங்கக்கூடாது. வேசம் என்றால் வேசம்தான், யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அந்த வேசத்திலேயே பொழுது சாய்வதற்குள் ஏழு பேர் கையால் தர்மம் வாங்கியாக வேண்டும், வாங்காவிட்டால் அது ஆத்தாளை ஏமாற்றுகிற வேலை. "ஏழு கை. ஆறுன்னு வந்து நிக்காத" என்றாள்.

எட்டாம் நாள் காலையில் தாடி போயிற்று. நாற்பது நாள் கழித்து வெளியே வந்த கன்னம் வெளிறிப்போய்க் கிடந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட். ஷூவும் மஞ்சள் ஹெல்மெட்டும் ரெனிஷ் கொடுத்தது. கூடப் படித்தவன், அதே டெர்மினலில் சூப்பர்வைசராக இருக்கிறான். ஷூ ஒரு அளவு பெரிசு, முன்னால் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டான். காப்பைச் சட்டைக்கைக்குள் விட்டுப் பொத்தான் போட்டான். குங்குமப் பொட்டலமும் தர்மப் பையும் இடுப்பில். சண்முகத்தாய் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முதல் தர்மத்தைத் தானே போட்டாள். "முத்துச்செல்விக்கு நல்ல வேலயா ஒண்ணு அமையணும், ஆத்தா. நின்னு நின்னு அவ காலு வீங்கிப் போவுது" என்று அவனையே பார்த்துக் கும்பிட்டாள். பெற்ற தாய் கும்பிடுகையில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முருகேஸ்வரி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்னடே வேசம்?"

"உத்தியோக வேசம்க்கா."

"அடப்பாவி!" என்று வாயைப் பொத்திச் சிரித்தவள், கை நீட்டியதும் சிரிப்பை விட்டுவிட்டுப் பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எம்மவ பி.எட் முடிச்சிட்டு மூணு வருசமா வீட்டுலதான் இருக்கா. ஒரு பள்ளிக்கூடம் கெடைக்கணும், சாமி." நேற்று வரை மந்திரம் என்று கூப்பிட்டவள்.

பஸ்ஸில் கண்டக்டர் போட்டார். அவர் மகன் கோயம்புத்தூரில் இன்டர்வியூவுக்கு அலைகிறானாம். ஆறுமுகநேரியில் ஏறின உப்பளத்து அம்மா முந்தியை அவிழ்த்துப் போட்டு, தன் மருமகனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று அழுதாள். பக்கத்துச் சீட்டுப் பெரியவருக்கு இரண்டு பேரன்கள், இரண்டு பேரும் இன்ஜினியர், இரண்டு பேரும் வீட்டில். இறங்கி ஹார்பருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தால் ஆட்டோ ஓட்டுகிற கிளைட்டனே எம்.எஸ்சி. "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போட்டான். தனக்குத்தான் வேலை கேட்டான். குழந்தை வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், நோய் தீர வேண்டும் என்று போன வருசமெல்லாம் எத்தனையோ கேட்டார்கள். அன்றைக்குத் தர்மம் போட்ட ஆறு பேரும் வேலையைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வேசத்தைப் பார்த்தால் வேறு எதைத்தான் கேட்கத் தோன்றும்?

ஆறு ஆயிற்று. ஏழாவதைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

கேட்டில் ரெனிஷ் நின்றிருந்தான். "ஏலே மந்திரம், நல்லாத்தாம்ல இருக்க! உள்ள போயி சாமி கீமின்னு ஆரம்பிச்சிராத. கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும். பேனல்ல ரெண்டு பேரு. ஃபிராங்க்ளின் சார் ஹெச்.ஆர். சொரிமுத்து சார் ஆப்பரேசன் மேனேஜர், ஸ்ரீவைகுண்டத்துக்காரரு, நல்ல மனுசன். அவரு மனசு வச்சா முடிஞ்சிது."

உள்ளே நாலு இடத்துக்கு அறுபது பேர். மீசை அரும்பாத பிள்ளைகள். ஒருவன் அவனை ஸ்டாஃப் என்று நினைத்து, "சார், டாய்லெட் எங்கன இருக்கு?" என்று கேட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மதியம் ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். ஒருவேளைச் சாப்பாட்டுக்காரன், காலையில் பச்சைத் தண்ணீர்தான். ஜன்னல் வழியாக யார்டு தெரிந்தது. கிரேன் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டார்கள். முதல் கால் மணி நேரம் ராஜா மாதிரி போயிற்று. கயிறு தேய்ந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய், காற்று அடிக்கும்போது பெட்டியை எப்படி இறக்குவாய், பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் எதைத் தொடுவாய்? சொரிமுத்து சார் கேட்கக் கேட்கச் சொன்னான். அவர் ஃபிராங்க்ளினைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கிடைத்துவிடும்போல இருந்தது.

ஃபிராங்க்ளின் காகிதத்தைப் புரட்டினார். "டிப்ளமோ முடிச்சு ஆறு வருசம். இதுல ரெண்டு வருசத்துக்குத்தான் சர்டிபிகேட் இருக்கு. மிச்ச நாலு வருசம் என்ன பண்ணுனீங்க, தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் படிப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பரீட்சை எழுதினேன் சார், டெலிவரி பார்த்தேன் சார் என்று அவன் இழுத்தான். சொல்லச் சொல்ல அது அவன் காதுக்கே ஊர் சுற்றினவன் சாக்காகக் கேட்டது.

"கெட்டிக்காரன்தான், இல்லைன்னு சொல்லல" என்றார் ஃபிராங்க்ளின், மேனேஜரிடம். "ஆனா டிரெயினிங்கே ஒன்றரை வருசம். வெளிய நிக்கதுல்லாம் இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு." பிறகு இவன் பக்கம் திரும்பி, "சரி, வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அந்தத் தொனி அவனுக்குத் தெரியும். ஆறு வருசத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பான். வேற ஏதாவது சொல்லணுமா என்றால் எழுந்து போ என்று அர்த்தம். மாமா கடையும் அரிசி மூட்டையும் "ஏய்" என்கிற சத்தமும் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. என்னவாவது சொல்ல வேண்டும், இந்த நிமிசம் சொல்லாவிட்டால் இனி இல்லை. வாய்க்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கைக்கு வந்தது. எட்டு நாளாகப் பழகிய கை. இரண்டும் சேர்ந்து மேசைக்கு மேலே நீண்டுவிட்டன.

"சார், தர்மம் பண்ணுங்க சார்."

வேலையைத்தான் கேட்டான். சத்தியமாக வேலையைத்தான் கேட்டான். ஆனால் கை நீண்ட வேகத்தில் பொத்தான் தெறித்துச் சட்டைக்கை மேலே ஏற, மஞ்சளும் குங்குமமும் அப்பிய காப்பு வெளியே வந்துவிட்டது.

சொரிமுத்து சார் பார்த்தார். நாற்காலி பின்னால் போக எழுந்துவிட்டார். "குலசையா?" என்றார்.

அவன் தலையாட்டினான்.

"வேசமா இது?"

இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. இல்லையென்று சொல்லக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. லாரியும் துணிப்பொட்டலமும் கண்முன் வந்தன. "ஆமா சார்" என்றான்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா சாமி? நான் பாட்டுக்கு ஒக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன்!" அந்தப் பெரிய மனுசன் ஷூவைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். ஒரு நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, நீட்டிய கையில் வைத்தார். நீ என்று கேட்டவர் சாமி என்றார். "எம்மவன் முத்துமணி. எம்.இ. படிச்சிருக்கான். ரெண்டு வருசமா ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கான், யாருகிட்டயும் பேசமாட்டேங்கான். அவனுக்கு ஒரு வேல கெடச்சாப் போதும். ஆத்தாகிட்டச் சொல்லுங்க சாமி, மறந்துராதீக" என்று குனிந்து அவன் காலைத் தொட்டார். ரெனிஷின் பழைய ஷூவைத்தான் தொட்டார்.

அது இல்லை சார், எனக்கு வேலை சார் என்று மந்திரமூர்த்தி மனசுக்குள் கத்தினான். வேசக்காரன் கையில் விழுந்ததை இது வேண்டாம், வேறு கொடு என்று கேட்கலாமா? அவன் இடுப்புப் பொட்டலத்தை அவிழ்த்து, அவர் நெற்றியில் குங்குமம் வைத்தான். ஏழாவது கையும் ஆயிற்று.

ஃபிராங்க்ளினும் எழுந்து மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். அவன் வெளியே வரும்போது கதவைத் திறந்துவிட்டார். "ரிசல்ட் மெயில்ல வரும்" என்றார். அப்புறம் வெளியே பார்த்து, "நெக்ஸ்ட்" என்றார்.

பத்தாம் நாள் காலையில் குலசைக் கூட்டத்துக்குள் உண்டியல் வரிசையில் நிற்கும்போது ரெனிஷ் கூப்பிட்டான். மேளச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"லிஸ்ட்டு வந்துட்டுல மந்திரம். நீ இல்ல. கடைசி எடத்துக்கு உன்னயும் இன்னொருத்தனயும் வச்சிப் பேசியிருக்காவ. சொரிமுத்து சாருகிட்ட நானே போய்க் கேட்டேன், வெக்கத்த விட்டு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அவரு கேட்டத நான் அன்னைக்கே மனசாரக் குடுத்துட்டேனடே'ன்னாரு."

போனைப் பைக்குள் வைத்தான். அம்மாவும் தங்கச்சியும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவன் முன்னால் ஒரு காளி, பின்னால் இரண்டு கரடி. நடுவில், எட்டாம் நாள் கட்டிய வேசத்தைக் கலைக்காமல், மஞ்சள் ஹெல்மெட்டோடு அவன்.

உண்டியலுக்கு வந்தான். பிச்சைக்காரன் வேசத்தில் எடுத்ததை மொத்தமாகக் கொட்டினான். அப்புறம் அந்த ஏழு. தங்கச்சிக்கு ஒரு நல்ல வேலை குடு தாயே. முருகேஸ்வரி அக்கா மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். கண்டக்டர் மகன், உப்பளத்து அம்மா மருமகன், இரண்டு இன்ஜினியர் பேரன்கள், கிளைட்டன். ஒவ்வொன்றாகச் சொல்லிப் போட்டான். கடைசியில் மேனேஜர் வைத்த நோட்டு கையில் நின்றது. அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. இதைப் போடாமல் விட்டால் என்ன? போட்டு, பெயரைச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நோட்டை முஷ்டிக்குள் கசக்கிப் பிடித்தான். அறையை விட்டு வெளியே வராத, யாரிடமும் பேசாத ஒருவனை அவனுக்குத் தெரியாது. ஆனால் தெரியும். நாலு வருசத்துக்கு முன்னால் ஐந்து மாசம் அவனும் அப்படித்தான் கிடந்தான்.

"முத்துமணி. சொரிமுத்து மவன். எம்.இ. படிச்சிருக்கான். ஒரு வேல குடு தாயே" என்று சொல்லி நோட்டை உள்ளே தள்ளினான்.

பிறகு தனக்காகக் கண்ணை மூடினான். மந்திரமூர்த்தி என்று தன் பெயரை ஆரம்பிக்கும்போதே முதுகில் ஒரு கை விழுந்தது. "போதும் சாமி, நவுருங்க நவுருங்க, பின்னால எம்புட்டு ஆளு நிக்கி பாருங்க!" வாலண்டியர் தள்ளிய தள்ளில் அவன் வெளிப்பிரகாரத்தில் வந்து நின்றான்.

சண்முகத்தாய் ஓடி வந்தாள். "ஏழும் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஒனக்கும் வேண்டிக்கிட்டியாய்யா?"

"வேண்டிக்கிட்டேம்மா."

"அப்பம் கெடச்சிரும்" என்றாள் அவள். மூன்று வருசத்தில் அவள் முகத்தில் இவ்வளவு நிம்மதியை அவன் பார்த்ததில்லை. இன்று ராத்திரி எல்லோரும் கடலில் இறங்கி வேசத்தைக் கலைத்துவிடுவார்கள், நாளைக்கு ஏழு மணிக்கு மாமா டிக்கெட் போட்ட சென்னை பஸ். சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். இப்போது வேண்டாம் என்று இருந்தது.

"ஏளா முத்துச்செல்வி, வேசத்தக் கலைக்கதுக்கு முந்தி இவன ஒரு போட்டா எடுளா" என்றாள் சண்முகத்தாய். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கூட்டம் தெரியாத வெள்ளைச் சுவராகப் பார்த்து நிறுத்தினாள். இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மெய்யாவே வேலைக்குப் போற மாதிரியே இருக்காம்லா! வீட்டுல மாட்டணும். ஏய்யா, அந்தக் காப்பு மட்டும் தெரியாண்டாம்."

மந்திரமூர்த்தி சட்டைக்கையை இழுத்துக் காப்பை மூடினான். பொத்தான் இல்லாததால் விரலால் அதைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டை நேராக்கிப் போட்டோவுக்கு நின்றான்.